கண்ணை மூடிக் கேட்காத தாள்

மார்ச் 3, திங்கள்

அன்புள்ள கழுகுக்கண்ணா,

உங்கள் ஆஸ்பத்திரி அனுப்பிய மருந்துத்தாள் மெயிலில் வந்தது. என் கம்ப்யூட்டர் தடுமாறாமல் கடகடவென்று வாசித்துவிட்டது. முன்பெல்லாம் தாளை வெறும் போட்டோவாக அனுப்புவார்கள், இது ‘படம், படம்’ என்று முனகும். தாள்களைக் கம்ப்யூட்டர் வாசிக்கும்படி மாற்றித் தரும் வேலையில் நீ அங்கே சேர்ந்த பிறகுதான் கண் தெரியாத நானும் என் மாத்திரையை நானே எடுக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட வேண்டியதில்லை.

இரண்டு நாளாகத் தலைதான் சுற்றுகிறது. புது பிரஷர் மாத்திரை, காலையில் மூன்று. பழகிவிடும். நீ போன் செய்து ஒரு மாதமாகிறது. துரைக்கு அவ்வளவு வேலையா?

உன் அக்கா

மார்ச் 4, செவ்வாய், காலை

அக்கா,

மாத்திரையைத் தொடாதே! பிரஷர் மாத்திரை பாதிதான். மூன்று என்பது சத்து மாத்திரைக்கு.

தாளைப் பார்த்தால் கட்டமெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் எதற்குப் பிறகு எதை வாசிப்பது என்று உன் கம்ப்யூட்டருக்கு நான்தான் வரிசை போட வேண்டும். அதில் இந்த இரண்டு மாத்திரைக்கான எண்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். அனுப்பும் முன் கண்ணை மூடி ஒருதரம் முழுக்கக் கேள் என்று நீதானே பழக்கினாய்? அன்று நாற்பது தாள். பார்த்தேன், கேட்கவில்லை.

ஏழு தடவை போன் அடித்துவிட்டேன். ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்?

தம்பி

செவ்வாய், பகல்

அக்கா,

பஸ்ஸில் இருக்கிறேன். இன்னும் மூன்று மணி நேரம். மற்றத் தாள்களை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவின் நம்பர்கூட என்னிடம் இல்லை. ‘எனக்கு யாரும் வேண்டாம்டா’ என்பாயே, நானும் அப்படியே விட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது. திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி

மார்ச் 19, புதன்

தம்பிக்கு,

நெற்றித் தையலைப் பிரித்துவிட்டார்கள். நான் குளியலறையில் விழுந்த சத்தம் கேட்டு, ஆட்களைக் கூட்டி வந்து கதவை உடைத்தவர் பக்கத்து வீட்டு அம்மாதான். உன்மேல் கோபமில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ அழுததே போதும்.

ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் எதை வாசித்தாலும் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, “அப்படித்தான் போட்டிருக்கா?” என்று கேட்கிறேன். மருந்துத்தாள், கரண்ட் பில், எல்லாம். நேற்று வந்த உன் கடிதத்தையும் அவரே வாசித்துக் காட்டினார்.

அதனால் நமக்குள் இருக்கும் விஷயம் எதையும் இனிமேல் எழுதாதே.

அக்கா