நாலு தொப்பிகளோடு வந்த பெட்டி

ஜலால்-அபாத்
ஜூலை 9

பெர்மெத், நீ பொய் சொல்கிறாய். ஆகஸ்டில் ஏரிக்கு நானும் வருகிறேன் என்று போனில் மூன்று முறை சொன்னாய், மூன்று முறையும் பொய். வர நினைக்கிற பெண் தன்னிடம் இருக்கிற ஒரே பெட்டியை அடுத்தவன் கையில் கொடுத்து முன்னால் அனுப்பிவைக்க மாட்டாள்.

இதைச் சொன்ன பிறகுதான் என்னால் நலம் விசாரிக்க முடிகிறது. உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் நின்றதா, அந்த மாஸ்கோ கிடங்கின் குளிர் அறையில் இன்னும் உன்னைத்தான் நிறுத்துகிறார்களா? இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவின் முதுகுவலி தோட்டத்தில் வேலை இருக்கிற நாளில் மட்டும் வருகிறது. உன் தங்கை அய்பீகே இந்தக் கோடையில் என் தோளைத் தொட்டுவிட்டாள். அத்தை கூல்சாராவுக்கு என்ன குறை, எங்களைத் திட்டத் தெம்பு இருக்கும்வரை அவர் சுகம்தான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் போதும், சிக்னல் இல்லம்மா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

மாஸ்கோ பேருந்து ஓட்டும் மாக்சத் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். நீ இங்கிருந்து போனபோது சந்தையில் வாங்கிய அதே பச்சைப் பெட்டி, அப்பா சக்கரத்துக்குக் கட்டிய கம்பிகூட அப்படியே இருக்கிறது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் திறக்கிற அவசரம். அப்பாவுக்கு நீ வாங்கிய அரைக்கால் சட்டையை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மீதித் துணி எங்கே, எல்லையில எடுத்துக்கிட்டானுங்களா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் முழங்கால் வெயிலைப் பார்த்ததில்லை. மறுநாள் அறைக்குள் போனால் முழுக்கால் சட்டைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறார். என் நீல நீச்சல் உடையைப் பார்த்து அத்தை, "சாய்ரா, இதைப் போட்டுக்கிட்டு நீ இறங்கினா ஏரி எழுந்து ஓடிடும்டி" என்றார். அய்பீகேவுக்கு நீ அனுப்பிய காற்றடைக்கும் வாத்து இப்போது அவள் கட்டிலில் படுக்கிறது, அவள் தரையில் படுக்கிறாள். எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கோல் தொப்பிகள். ஒவ்வொன்றாக எடுத்தேன், நாலு இருந்தன. இன்னும் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினேன். வாத்துக்குக்கூட உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. போகிறவர்கள் ஐந்து பேர் என்று நீதானே சொன்னாய், பெர்மெத்? தொப்பி ஏன் நாலு?

நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மூட்டை கட்டும் திருவிழா தொடங்கிவிட்டது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. யோசித்துப் பார், நம் குடும்பத்தில் ஒருவரும் இஸ்ஸிக்-குல் ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை. நம் நாட்டு ஏரி. எங்கிருந்தோ விமானம் ஏறி வந்து குளிக்கிறார்கள், நாம் அதைத் தண்ணீர்ப் புட்டியின் மேல் படமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அத்தை ஏரிக்குப் போவதையும் சம்பந்தி வீட்டுக்குப் போவதையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மூட்டை கட்டுகிறார். பதினாறு வட்ட ரொட்டி, வேகவைத்த ஆட்டுத் தொடை, தேநீர் கொதிக்கவைக்கிற சமோவார், இரண்டு மெத்தை. போதாததற்கு விடுதிக்காரிக்கு ஒரு தலைத்துணி, அவள் கணவனுக்குச் சட்டைத் துணி. நாம காசு குடுத்துத் தங்கப் போறோம் அக்கா என்றேன். "காசு குடுத்தா என்ன, அதுவும் ஒரு வீடுதானே? வெறுங்கையோட அடுத்தவங்க வாசப்படி மிதிக்கிற குடும்பத்துல நான் பொறக்கலை" என்று என் வாயை அடைத்துவிட்டார். விடுதிக்காரி பிரித்துப் பார்த்துவிட்டு நமக்கெல்லாம் மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பாள். நினைக்கட்டும்.

எனக்கு விடுப்பு கிடைத்த கதையை உனக்குச் சொல்லவில்லையே. எட்டு வருடமாக இந்த ஓய்வு விடுதியில், வெந்நீர்க் குளியலுக்கு வருகிறவர்களின் விடுமுறையைத் துடைத்து, பெருக்கி, மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கோடையிலும் ஒரு நாள் கேட்டதில்லை. இந்த முறை பத்து நாள் கேட்டேன். நிர்வாகி அம்மா சிரித்தாள். "உனக்கு எதுக்கு சாய்ரா லீவு? வருஷம் பூரா ஓய்வு விடுதியிலதானே இருக்கே" என்றாள். பக்கத்தில் இருந்த அலுவலகப் பெண்ணும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கையில் இருந்த துடைப்பத்தை அவள் மேசைமேல், காகிதங்களுக்கு மேலே வைத்தேன். அப்ப இந்தப் பத்து நாளும் நீங்க ஓய்வெடுங்க என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். எட்டு வருடம் முன்பே இதைச் செய்திருக்கலாம் என்று வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன், பெட்டியைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறார்கள். சக்கரம் வைத்த பெட்டி வந்தால் காவலாளி ஓடிப்போய்க் கதவைத் திறப்பான். நம்மவர்கள் மூட்டை கட்டும் அந்தக் கட்டம்போட்ட பிளாஸ்டிக் பை வந்தால், யார் என்னவென்று கேட்காமலே பின்வாசலைக் காட்டுவான். சாமான் விற்க வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று நினைப்பு. நானும் இரண்டு முறை அப்படிக் காட்டியிருக்கிறேன். இரண்டாவது முறை வந்தது அறை எடுத்திருந்த ஒரு ஆசிரியர் குடும்பம். அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கே போனார், அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது நாங்களும் கட்டம்போட்ட பையோடுதான் ஏரிக்குப் போகப் போகிறோம். பச்சைப் பெட்டி வேண்டாம் என்று நான் சொன்னதும் அய்பீகே அழுதாள். "அந்தப் பையோட போனா சந்தைக்கு வந்தவங்கன்னு நினைப்பாங்கம்மா, என் போட்டோவுல எல்லாம் அது விழும்" என்றாள். உன் அப்பா, "பை என்ன நீச்சலா அடிக்கப் போகுது, கரையிலதானே இருக்கும்" என்று சமாதானம் சொன்னார். பரணிலிருந்து நானே இறக்கினேன். உனக்கு ஏழு வயதாக இருந்தபோது நான் மாஸ்கோவுக்குத் தூக்கிப் போன பை அது. இனி இதைத் தொடுவதில்லை என்று திரும்பி வந்த அன்று சபதம் போட்டிருந்தேன். கழுவிக் காயவைத்தேன். முன்வாசல் வழியாகத்தான் அதைத் தூக்கிக்கொண்டு போவேன், எவன் பின்வாசலைக் காட்டுகிறான் என்று பார்க்கிறேன்.

உன் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். நானும் அப்படி அனுப்பினவள்தான். நாலு வருடம் அங்கே அடுக்குமாடிகளில் படிக்கட்டு துடைத்தேன். மூன்று கோடையில் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எனக்குப் பதிலாகப் பெட்டிகளை அனுப்பினேன், கோட்டு, காலணி, பொம்மை, மிட்டாய் என்று. மூன்றாவது பெட்டி வந்தபோது நீ உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே அள்ளிப் போட்டுவிட்டு, காலிப் பெட்டியைக் கவிழ்த்து உதறினாயாம். என்னடி தேடறே என்று அத்தை கேட்டதற்கு, "எல்லாம் இருக்கு, ஆளைத்தான் காணோம்" என்றாயாம். அத்தை இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ஏழாவது மாடிப் படியில் ஈரத் துணியோடு நின்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது தொப்பியைத் தேடிக் கையை விட்டபோதுதான் நீ அன்று என்ன தேடினாய் என்று என் கைக்குத் தெரிந்தது.

மாக்சத்தை உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினேன். முதலில் மழுப்பினான், மூன்றாவது கிண்ணத்தில் சொல்லிவிட்டான். "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவ பாஸ்போர்ட் மேற்பார்வையாளர்கிட்ட இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வெச்சிருக்கான்." அவனைத் திட்டாதே, நான்தான் வாயைப் பிடுங்கினேன். பத்திரமாம். என் பாஸ்போர்ட்டும் பதினோரு மாதம் ஒருவன் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. அந்த மூன்றாவது கோடையில் நான் வராததற்குக் காரணம் அதுதான், உனக்கு இதுவரை சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவன் இழுப்பறையைப் பூட்டினவன் என்று புரிய எனக்கு இவ்வளவு வயதாகியிருக்கிறது. அவர்கள் தைரியமே நம் வெட்கம்தான் மகளே. இங்கே நம் விடுமுறையைக் கேட்டால் சிரிக்கிறார்கள், அங்கே பெயரையே பூட்டி வைக்கிறார்கள், இரண்டு பேரும் நாம் தலையைக் குனிந்துகொண்டு போவோம் என்று நம்புகிறார்கள்.

நான் எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன், அப்படியே செய். தனியாகப் போகாதே. உன் அறையில் இருக்கிற இரண்டு பெண்களையும் கூட்டிக்கொள், அவர்களுடையதும் அங்கேதான் இருக்கும். சம்பள நாளில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது போ. கெஞ்சாதே, காரணம் சொல்லாதே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்யும் சொல்லாதே, காரணத்தைச் சொன்னால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவான். என் பாஸ்போர்ட்டைக் கொடுங்க என்று மட்டும் சொல். அவன் என்ன கேட்டாலும் அதையே திருப்பிச் சொல். நாங்கள் மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொன்னோம், பதினைந்து முறையோ இருபது முறையோ, கடைசியில் வரிசையில் நின்றவர்களும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள், இழுப்பறை திறந்துவிட்டது. கொடுக்கவில்லையா, நேராக நம் தூதரகத்துக்குப் போ, மாக்சத்துக்கு வழி தெரியும். வேலை போய்விடுமே என்பாய். போகலாம். கிடங்கு மாஸ்கோவில் அது ஒன்றுதானா? பத்து நாள் ஏரியில் கிடந்துவிட்டு, திரும்பிப் போவதா வேண்டாமா என்று நீயே யோசி. நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் போவதும் வருவதும் உன் கையில் இருக்க வேண்டும்.

உன் பெட்டியை மாக்சத்திடமே திருப்பி அனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அதற்குள்தான் வருகிறது. நிரம்பி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உனக்கே தெரியும், பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் நாலு ஆப்பிளாவது போட்டுத்தானே கொடுப்போம். அதனால் உள்ளே ஒரு தொப்பி வைத்திருக்கிறேன். விடுதியில் யாரோ விட்டுப்போனது என்று நினைக்காதே, சந்தையில் நானே பேரம் பேசி வாங்கியது. அப்புறம் ஒரு மஞ்சள் கவுன், நானே தைத்தேன், அளவு பழைய அளவுதான், நீ இளைத்திருந்தால் இங்கே வந்ததும் பிடித்துத் தருகிறேன். வழியில் வாயில் போட்டுக்கொள்ள ஒரு பொட்டலம் குருத், உப்புத் தயிர் உருண்டை இல்லாமல் நாலு நாள் உன்னால் பேருந்தில் உட்கார முடியாதே. மீதி இடத்தில் அத்தை ரொட்டி திணிக்கப் பார்த்தார், பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து தடுத்தேன். பாதிப் பெட்டி காலியாக இருப்பது மறதியால் அல்ல. அதில் உன் துணிமணி வர வேண்டும். நீயும் அதை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது, இன்னொருவன் கையில் கொடுத்தும் அனுப்பக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி விடியற்காலை கிளம்புகிறோம், வண்டி அப்பாவின் நண்பருடையது, ஐந்து இருக்கைக்கு மேல் இடமில்லை, ஐந்தாவதில் அத்தை மெத்தையை வைக்கப் பார்க்கிறார், நான் விடவில்லை. உன் தலை கல்லைப் போல உறுதியாக இருக்கட்டும், உன் வழி வெள்ளையாகத் திறக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் எதிரே வரட்டும். மாக்சத்தின் பேருந்து ஜூலை இருபத்தாறாம் தேதி அங்கிருந்து திரும்புகிறது, இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உன் பெயரில் இருக்கிறது, மறந்துவிடாதே. கவுனின் உட்பக்கம் இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார், ஒரு சின்னப் பை தைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டித் தைத்தது, வேறு எதற்கும் ஆகாது. சம்பள நாள் முடிந்த அன்று எனக்குப் போன் செய், சிக்னலைப் பற்றிப் பேசாதே, ஒன்றே ஒன்று சொல்: அந்தப் பை நிரம்பியதா?

உன் அம்மா,
சாய்ரா