கோட்டை வாயில் திறக்க மறுத்து அரசி விடுத்த ஓலை

வாழ்க ஆம்பல் நாடு! வான்மழை பொய்யாது பொழிக! பகையரசர் இருவரை ஒரே வேனிலில் வென்று, ஆற்றங்கரைப் பாசறையில் படையோடு தங்கியிருக்கும் கோடைவேள் மகாராசரின் திருமுன்புக்கு, அவர் இல்லாத காலத்து அரியணை காக்கும் பட்டத்தரசி கருவிளை நாச்சியார் வணங்கி விடுக்கும் ஓலை.

விடியலில் வாயில் திறவாவிடில் யானை கொண்டு கதவை இடிப்போம் என்ற தங்கள் ஆணை கிடைத்தது. வாயில் திறக்கப்படாது.

வாத்தும் பன்றியும் ஒரே குட்டையில் நீர் குடிக்கும் பகைநாட்டு ஊர்களில் தங்கள் படை தங்கியது. அங்கே பற்றிய சுரமும் இருமலும் வீரரைச் சாய்க்கின்றன என்று படை மருத்துவரே எழுதியிருக்கிறார். அந்நோய்க் கிருமியின் இயல்பை நம் அரண்மனை மருத்துவர் சேந்தியார் ஆய்ந்துரைத்தார். அதற்குத் தானாக உண்ணவும் தெரியாது, பெருகவும் தெரியாது. தன் உருவை எட்டு ஓலை நறுக்கில் எழுதி, மேலே கொழுப்புறை போர்த்திக்கொண்ட பொருள், அவ்வளவே. உறைமேல் நீட்டிய முள்ளால் நம் மூச்சுக்குழலின் நுண்ணறையைப் பற்றி, உறவினன்போல் உள்ளே புகுந்து, அவ்வறையையே அடிமை கொண்டு தன்னைப் படியெடுக்கச் செய்யும். வாத்தின் கிருமியும் மனிதரின் கிருமியும் ஒரு பன்றியின் உடலில் கூடினால், நறுக்குகளை மாற்றிக்கொண்டு புதுவேடம் பூணும். பழைய சுரத்தில் தேறிய உடலும் அதை அடையாளம் காணாது ஏமாறும்.

என் மாமனார் காலத்தில் வந்த கிருமி வேறு குலம். ஒற்றை நீளோலை உடையது. முட்கள் முடி சூடினாற்போல் சுற்றி நிற்க, படியெடுப்பில் நேரும் பிழைகளையும் தானே திருத்திக்கொள்ளும் சூதுள்ளது. அதற்கும் இக்கோட்டை பணியவில்லை.

தங்களுக்கு இருமலே இல்லை என்று எழுதியுள்ளீர்கள். இருமல் தோன்றுமுன்னரே மூச்சோடு அது புறப்பட்டுவிடும், பெருமானே! உள்ளே பச்சிளங்குழந்தைகளும் முதியோரும் நிறைந்திருக்கத் தாங்கள் புகுந்தால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். மகன் பிறந்த செய்தி கேட்டுத் தாங்கள் துடிப்பதை அறிவேன். தங்களைக் காணாமல் நானும் அழுகிறேன். அழுதுகொண்டேதான் கதவுக்கு இன்னொரு தாழ் இட்டேன்.

ஆதலின் ஆணையாவது: பாசறைக் கூடாரங்கள் விலகி நிற்க, வாயும் மூக்கும் துணியால் மூடப்படுக, பூந்திக்காய் நுரையால் கை கழுவுக, கொழுப்புறை கரைந்தால் கிருமி ஒழியும். அரிசியும் மருந்தும் மதில்மேலிருந்து கயிற்றில் இறங்கும். சேந்தியார் சொல்லும் நாளில் நானே வந்து கதவு திறப்பேன்.

அதற்குமுன் யானையை ஏவுவதாயின் ஏவுக. கதவின் உட்புறம், தங்கள் மகனை ஏந்தி நான் நிற்பேன்.

இங்ஙனம், போருக்குப் புறப்படுகையில் தாங்களே என் கையில் தந்த அரச முத்திரை பொறித்தது.