ஏழாம் இலக்க விதியும் மெதுவாக ஓடிய வண்டியும்

மருதமுனை,
புதன்கிழமை, ளுஹருக்குப் பின்.

அன்பு மகன் ஜவாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் வலது முழங்காலைத் தவிர இங்கு எங்கள் இருவருக்கும் எல்லாம் சுகம், அல்ஹம்துலில்லாஹ். அந்த முழங்காலும் போன மாதத்தைவிடப் பரவாயில்லை. நீயும் மருமகள் றுஸ்தாவும் பிள்ளைகள் இருவரும் டோஹா வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மூத்தவள், உன் ராத்தா பஸ்மிலாவுக்குக் கேட்டிருந்த இடமாற்றம் கிடைத்துவிட்டது, இனிப் பாடசாலைக்குப் போய்வர இரண்டு பஸ் மாறத் தேவையில்லை. போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் நீ இடையில் பேசுவாய், நான் விட்ட இடத்தை மறந்துவிடுவேன். நீ அனுப்பிய பற்றரி வண்டி ஏன் மெதுவாக ஓடியது என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன், அதை நீ முதலிலிருந்து முடிவு வரை ஒழுங்காக வாசிக்க வேண்டும். றுஸ்தாவின் தம்பி சனிக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

பள்ளிவாசலின் வக்பு காணி வீதியிலிருந்து கடற்கரை வரை நீண்டு கிடப்பதும், முழங்கால் இடுப்பு நோயாளருக்கான பயிற்சி நிலையம் அதன் கடல் முனையில் இருப்பதும் நீ அறிந்தவை. அந்த ஐந்நூறு மீற்றர் பாதையில் நடக்க முடியாதவர்களை ஏற்றி இறக்கத்தான் கோல்ஃப் மைதானத்தில் ஓடிய அந்த வண்டியை அங்கே வாங்கிக் கப்பலில் அனுப்பினாய். முதல் இரண்டு மாதம் குறை சொல்ல ஒருவரும் இல்லை. பிறகு வேகம் குறையத் தொடங்கி, ஒரு கட்டத்தில் பயிற்சிக்கு வரும் சபியா உம்மா பாதி வழியில் இறங்கி, நான் நடந்தே போயிருவன் மர்சூக், நீ வண்டியத் தூக்கிட்டு வா என்று சொல்லும் நிலைக்கு வந்தது. ஓட்டுநர் மர்சூக் பின் சீட்டில் களவாக மீன் பெட்டி ஏற்றுகிறான், அதனால்தான் வண்டி கெட்டது என்று ஒரு கதை கிளம்பியது. அதை யாரோ உனக்குச் சொல்ல, நீ கேட்ட கோபத்தில் பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுவில், அந்தக் கள்ளனை நிறுத்திப்போட்டு வேறு ஆளைப் பிடியுங்க என்று குரல் பதிவு போட்டாய். பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் சபை அவனை நிறுத்துவதா என்று போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் கூடித் தீர்மானிப்பதாக இருந்தது. முச்சக்கர வண்டியை விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் அவன், இது போனால் திரும்பிப் போக ஒன்றுமில்லை.

நாற்பது வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கியவன் என்ற முறையில் முதலில் அந்த மீன் பெட்டியைக் கண்டவர் யார் என்று தேடினேன். நான்கு பேரிடம் கேட்டேன். ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லக் கேட்டவர், கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. ஆகவே மனிதனை விட்டுவிட்டு வண்டியை விசாரிப்பது என்று முடிவு செய்து ஆலையடிவேம்பிலிருந்து பற்றரி வேலை செய்யும் சுஜிந்தனை வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே வரவழைத்தேன். முதல் நடை ஓடுவதற்கு முன் பார்த்தாக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ரயர் நான்கிலும் காற்று சரியாக இருந்தது. பின்பக்கத்தை ஜக்கில் தூக்கிச் சில்லைக் கையால் சுற்றினார், பிடிப்பில்லாமல் சுற்றியது, ஆகவே பிரேக் இறுகவில்லை. பற்றரி முனைகளில் கடற்காற்றின் உப்புப் பூத்திருந்தது, அதைச் சுரண்டித் துடைத்தும் வேகத்தில் மாற்றமில்லை. மர்சூக்கைக் கேட்டபோது, காலைல ரெண்டு நடை நல்லாத்தான் போகுது சேர், பொறகுதான் ஊருது, ஆள் ஏறினாலும் ஊருது ஏறாட்டியும் ஊருது என்றான். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. பாரம் காரணமென்றால் வெறும் வண்டி ஓட வேண்டும். மோட்டர் காரணமென்றால் காலையிலேயே ஊர வேண்டும்.

சுஜிந்தன் மீற்றரை வைத்து ஆறு பற்றரியையும் தனித்தனியே அளந்தார். நிறைந்த பற்றரி ஒவ்வொன்றும் எட்டரை வோல்ட் அளவில் காட்ட வேண்டுமாம். ஆறும் எட்டு தசம் ஒன்றைச் சுற்றியே நின்றன, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. ஐயா, பற்றரி ஒண்டு பழுதெண்டா அது மட்டும் இறங்கிக் காட்டும், இங்க ஆறும் ஒரே பசியில கிடக்கு, சாப்பாடு போடுற இடத்தைப் பாருங்க என்றார். எப்போது சார்ஜ் போடுகிறாய் என்று மர்சூக்கைக் கேட்டேன். பொழுதுபட மஃரிபு பாங்கு சொன்ன உடனே, ஒரு நாளும் தவற விட்டதில்ல என்றான். காலையில் சார்ஜரில் என்ன விளக்கு எரியும் என்று கேட்டேன். ஒண்டும் எரியாது சேர், நூந்துதான் கிடக்கும், நிறைஞ்சா நூரும்தானே என்றான். நீ வண்டியோடு அனுப்பிய புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். நிறைந்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விளக்கே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை என்றுதான் பொருள். அவன் அறியாமல் விட்ட பிழை அது ஒன்றே, அந்தப் புத்தகத்தை அவனுக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை.

அடுத்து பாங்கு சொல்லும் மோதினாரை விசாரித்தேன். வண்டி நிற்கும் பள்ளிவாசல் கொட்டிலுக்கு இரவில் மின்சாரம் போவதில்லையா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ராவைக்கு இஷாத் தொழுகை முடிஞ்சு அரை மணித்தியாலத்துல மெயின் சுவிச்ச நூக்கிறன், விடிய சுபஹுக்குப் போட்டு ஜமாஅத் கலைஞ்ச உடன திரும்பவும் நூக்கிறன், இனி ளுஹருக்குத்தான் போடுவன் என்றார். யார் சொல்லி என்றேன். சுவரைக் காட்டினார். நீங்கதானே எழுதி ஒட்டினது லோயர் ஹாஜியார், ஏழாம் இலக்கம் என்றார். மகன், ஒன்பது வருடத்துக்கு முன் வயர் சூடாகிக் கம்பளம் எரிந்தபோது சபை கேட்டு நான் எழுதிக் கொடுத்த விதிகள் அவை. தொழுகை நேரம் தவிரப் பிரதான ஆளி நிறுத்தப்படல் வேண்டும், இதற்கு விதிவிலக்கு இல்லை என்று என் கையெழுத்தோடு இருக்கிறது. நல்ல விதி, அன்றைக்குப் பொருத்தமான விதி. கடல் உப்பு வண்டியைத் தின்னும் என்று மூன்று மாதத்துக்கு முன் பயிற்சி நிலையத்திலிருந்து பள்ளிவாசல் கொட்டிலுக்கு அதை மாற்றச் சொன்னவனும் நான்தான். வேகம் குறையத் தொடங்கியதும் அதே நாட்களில்தான். ஒன்பது மணித்தியாலம் வேண்டிய சார்ஜுக்கு மூன்று கிடைத்திருக்கிறது, தொண்ணூறு நாள்.

வியாழக்கிழமையே கொட்டிலுக்குத் தனி வயரும் தனி பிரேக்கரும் போட்டோம். வெள்ளி காலையில் பச்சை விளக்கு எரிந்தது, மொத்தம் ஐம்பது தசம் எட்டு வோல்ட். ஜும்ஆ நாளின் பாரம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு அஸர் வரை ஒரே வேகத்தில் ஓடியது. மூன்று மாதம் பட்டினி கிடந்த பற்றரிகள் தங்கள் பலத்தில் கொஞ்சம் இழந்திருக்கலாம், ஒரு மாதம் ஓட்டிப் பார்க்காமல் அவை நல்லவை என்று கைச்சாத்து வைக்கமாட்டேன் என்கிறார் சுஜிந்தன். அவரும் என்னைப் போல ஆள். ஆனால் காரணம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சபையில் எழுந்து ஏழாம் இலக்கத்தை நானே வாசித்தேன், எழுதியவன் நான், வண்டியை மாற்றச் சொன்னவன் நான், மர்சூக்கில் குற்றமில்லை என்றேன். தலைவர் ஹமீட் ஹாஜியார், அப்ப ஆரை நிறுத்துற லோயர், உங்களையா என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். அது சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றேன். விதியைத் திருத்தினார்கள், மர்சூக் வேலையில் இருக்கிறான்.

ஆயினும் உன் குரல் பதிவு இன்னும் அந்தக் குழுவில் கிடக்கிறது. மர்சூக்கின் மகள் அதைத் தோழி ஒருத்தியின் போனில் கேட்டிருக்கிறாள். வாப்பா, நீங்க களவா மீன் ஏத்தினீங்களா என்று சாப்பிடும்போது கேட்டாளாம். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சீட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான். சபையின் முடிவை அந்தப் பிள்ளை வாசிக்கப் போவதில்லை, அவள் கேட்டது உன் குரலை. அதை அழித்துவிடாதே, அழித்தால் சொன்னவன் ஒளிந்துகொண்டான் என்றாகும். அதே குழுவில், அதே குரலில், பெயரைச் சொல்லித் திரும்பப் பெற்றுக்கொள். என் பங்கை எல்லோர் முன்னும் நான் செய்துவிட்டேன், உன்னுடையதை நான் செய்ய முடியாது.

உம்மா நெத்தலிக் கருவாடும் பிள்ளைகளுக்கு இரண்டு சாரமும் கட்டித் தருகிறா, கருவாட்டைப் பெட்டி திறந்த அன்றே வெயிலில் காட்டச் சொன்னா. இரவில் நேரத்தோடு படு, றுஸ்தாவைத் தனியாகக் கடைக்கு அலைய விடாதே. அல்லாஹ் உங்கள் வீட்டில் பறக்கத்தையும் உன் நாவில் நிதானத்தையும் தந்தருள்வானாக. மர்சூக்கிடம் இக்கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஜவாத் தம்பி ஊருக்கு வந்தா முன் சீட்டுலதான் ஏத்துவன் என்று சொல்லச் சொன்னான். அவன் அதைச் சொல்லும் முன் நீ பேசியிருக்க வேண்டும். இனியாவது தாமதியாதே.

என்றும் உன் நலம் வேண்டும் வாப்பா,
எம். ஐ. உதுமாலெப்பை