துலாபாரத் தட்டில் மீனா

தை, வெள்ளி இரவு. 1968.

மீனாவுக்கு இன்று அம்மன் கோயிலில் துலாபாரம் கொடுத்தோம். போன வருஷம் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது, பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டியிருந்தேன். மூன்று வயதாகிறது. இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறாள்.

தராசுக்குப் பக்கத்தில் என் நாத்தனார் கனத்த வெள்ளித் தண்டைகளை நீட்டினார். "இதைப் போட்டு உக்கார வை. பிள்ளைக்குச் சோறே போடலைன்னு பேசுவாக."

வாங்கியும் விட்டேன். தேவகோட்டை டாக்டரம்மா முன்பு சொன்னது அப்போதுதான் காதில் ஒலித்தது: "மாசாமாசம் எடை கூடுது, நல்லா ஓடியாடுறா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாகு. அடுத்தவுக பிள்ளையைப் பாத்துட்டு இவ வாயில திணிக்காதீக."

"வேண்டாம் மதினி. அவ எடை அவளுக்குப் போதும்" என்று தண்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

உட்கார வைத்துத் தட்டை விட்டதும், முன்பே நிரப்பியிருந்த வெல்லத் தட்டு இறங்கி, மீனா மேலே போனாள். யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அம்மா, இன்னும் மேலே!" கற்பூரப் புகையில் மிதப்பதுபோல இருந்தாள். பூசாரி வெல்லத்தை ஒவ்வொரு உருண்டையாக எடுக்க எடுக்க, என் மகள் ஆகாயத்திலிருந்து மெல்ல என்னிடம் இறங்கி வந்தாள்.

நாத்தனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவார்.

மீனா தூளியில் தூங்குகிறாள். இரண்டு பாதங்களும் சேலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தீபாவளிக்குக்கூட உள்ளே அடங்கியிருந்த கால்கள். இவள் எப்போது இப்படி நீண்டாள்? தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.