கோரை சாக இலை வேண்டும்

ஜூன் 16, திங்கள்

சாரல் இல்லை. காலையிலேயே வெயில். விட்டால் இப்படி ஒரு நாள் கிடைக்காது. ரிசார்ட் புல்வெளியில் மண்டிய கோரைக் களைக்கு மருந்து அடித்தாயிற்று. கோரை இலை வழுவழு. மருந்து உருண்டு ஓடிவிடும். அதனால் ஒட்டுப்பசை கலந்து.

மேனேஜரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். இலை குடித்த மருந்து மெதுவாக மண்ணுக்குள் இருக்கிற கிழங்குக்கு இறங்கணும், ஒரு வாரம் புல்வெட்டும் மிஷினை ஓட்டக் கூடாது. தலையாட்டினார். முதலாளி மகள் நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் இந்தப் புல்லில்தான். கோரை ஒழிந்தால் என் வேலை நிரந்தரம்.

வாங்க: கையுறை, பூண்டு, அம்மாவுக்குச் சுகர் மாத்திரை.

ஜூன் 18, புதன்

லீவு. தங்கை மகனுக்கு இலஞ்சி கோயிலில் மொட்டை. சாம்பார் பிரமாதம். பாதிச் சாப்பாட்டில் மாடத்தி போன். தோட்டத்தில் என்னோடு வேலை பார்க்கிறவள்.

"யக்கா, மேனேஜர் மிஷின ஓட்டச் சொல்லிட்டாரு. பூராம் வெட்டியாச்சு."

அடப்பாவி! பட்டுச்சேலையோடு ஆட்டோ பிடித்துப் போனேன். குடித்த மருந்தோடு கோரை இலை குவியலாக. பக்கத்திலேயே மேனேஜர்.

"ரெண்டு நாளாச்சு, பச்சையாத்தான நிக்கி? ஒம் மருந்து வேலைக்காகாது."

"கருக்குத மருந்து இல்ல சார் இது. உள்ள போயி வளர விடாமப் பட்டினி போட்டுக் கொல்லும். புல்லு அதச் செரிச்சிரும், கோரையால முடியாது. கிழங்குக்கு எறங்குத வரைக்கும் இலை உசுரோட இருக்கணும்."

"சாகதுக்கு உசுரோட இருக்கணுமா? நல்லாச் சொல்லுதியே!"

மாடத்தி முன்னால் சிரிக்கிறார். மண்டையில் மூளையா, களிமண்ணா?

ஜூன் 26, வியாழன்

சாரல். கோரை மறுபடி, முன்னைவிடச் செழிப்பாக. நான் போலி மருந்து வாங்கிவிட்டேனாம். மேனேஜர் முதலாளியிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நாளைலருந்து வர வேண்டாம்மா."

"அண்ணாச்சி, நடந்தது என்னன்னா..."

போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அங்கே அழவில்லை. தென்காசி பஸ்ஸில் அழுதேன். ஆத்திரம்.

ஜூன் 28, சனி

குடை கம்பி உடைந்தது. மாடத்தி சொன்ன செய்தி: புல்வெளி மேல் பச்சை பிளாஸ்டிக் புல்பாய் விரித்தாயிற்று. மேனேஜர் யோசனை. "இனி கோரை எங்கன வரும்?" என்றாராம்.

ஜூலை 6, ஞாயிறு

நிச்சயதார்த்தம். நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டு. பதினொரு மணிக்கு மாடத்தி போன். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"யக்கா, பாயப் பொத்துக்கிட்டு ஊசி ஊசியா நிக்கி! மாப்பிள்ள வீட்டுக்காரவுக காலத் தூக்கித் தூக்கி நடக்காவ. மேனேஜர் கோட்டு சூட்டோட குனிஞ்சு பிடுங்குதாரு!"

பிடுங்கட்டும். கிழங்கு கீழேதான் நிற்கும். எனக்கும் சிரிப்பு. பிறகு மறுபடி ஆத்திரம்.

சாயங்காலம் முதலாளியே கூப்பிட்டார். "நாளைக்கு வந்து மருந்து அடிச்சிரும்மா." நடந்ததற்கு ஒரு வார்த்தை? ம்ஹூம்.

"நாளைக்கு அடிச்சாப் பிரயோசனம் இல்ல அண்ணாச்சி. பாயச் சுருட்டுங்க. இலை நல்லா வளரணும். அதுவர ஒருத்தரும் கைய வைக்கக் கூடாது. முக்கியமா ஒங்க மேனேஜர்."

"அப்ப எப்பம்மா வருவ?"

போனை வைத்துவிட்டேன். வளரட்டும்.