ஒரு காதில் மகள், மறு காதில் தாய்

பாம்பூஃப்ளாட்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பும் மரியாதையும் நிறைந்த விசாலாட்சி அக்காவுக்கு,

சிசிலியா எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலமா என்று கேட்பதுதான் முறை. உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா, கிருஷ்ணமூர்த்தி அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். இங்கே நானும் அவரும் இருக்கிறோம். சுபிதா இருக்கிறாள். இந்தச் சின்ன வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் என்னால் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு ரவிக்குமார் தங்கை கல்யாணத்துக்கு மதுரை போகிறான். கப்பலில் போகிறவர்கள் கையில் எதையாவது கொடுத்தனுப்பாவிட்டால் நம் தீவுக்காரர்களுக்குத் தூக்கம் வராதே. மதுரையிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டை வந்து உங்களிடம் நேரில் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான். பையில் பட்டை, கிராம்பு, கொஞ்சம் மிளகு வைத்திருக்கிறேன். அடியில் ஒரு ரவிக்கை இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் ஊரைவிட்டுப் போன அன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் பிள்ளை பிரியங்கா நம்மை விட்டுப் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஹேடோ கப்பல் துறையில் உங்களை வழியனுப்ப எல்லோரும் நின்றோம். அவள் வகுப்புப் பிள்ளைகளும், அவளோடு நடனம் படித்த என் மகள் சுபிதா போன்ற சின்னப் பிள்ளைகளும் யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். நீங்கள் கப்பல் ஏறப் போனவர்கள், திரும்பி நடந்து வந்து அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றீர்கள். 'உங்க போன்ல யாராவது அசிங்கமா எதையாவது போட்டா, உங்களைச் சாகச் சொல்லி எழுதுனா, வீட்ல சொல்ல முடியலைன்னா எனக்குப் போன் போடுங்க. எந்நேரமும் போடுங்க. எம் பொண்ணு யாருக்கும் போடலை. நீங்க போடுங்க' என்று சொல்லி ஒவ்வொரு பிள்ளையையும் நம்பரைக் குறித்துக்கொள்ள வைத்தீர்கள். துக்கத்தில் ஏதோ பேசுகிறார்கள் என்று வளர்ந்தவர்கள் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பிள்ளைகள் குனியவில்லை. அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

என் மகளும் அதை எழுதி வைத்திருக்கிறாள் என்பது எனக்கு இந்த வருஷம் பிப்ரவரியில்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை அவள் உங்களிடம் சொன்ன அளவுக்குக்கூட என்னிடம் சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். காலையில் பள்ளிக்கூடத்துக்காகச் சாத்தம் துறைக்குப் போகிற ஃபெரிப் படகில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்ததை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அந்த முகத்தை மட்டும் வெட்டி வேறு ஏதோ உடம்பில் ஒட்டி, பெயர் இல்லாத ஒரு பக்கத்தில் போட்டுவிட்டார்கள். கீழே எழுதியிருந்ததை இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். மறுநாளிலிருந்து அதே ஃபெரியில் பிள்ளைகள் அவளைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்திருக்கிறார்கள். ராத்திரி எல்லாம் மெசேஜ். நீ எதற்கு இருக்கிறாய் என்று கேட்டு மெசேஜ். வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுத்த பிள்ளை, அதை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டுதான் தைத்திருக்கிறது. நான் சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிப்ரவரியில் அந்த மத்தியானம் நான் தையல் மெஷினில் இருந்தேன். உங்கள் போன் வந்தது. எடுத்ததும், 'சிசிலியா, மெஷினை நிறுத்து. சுபிதா உள் ரூம்லதான இருக்கா? போய் அவ பக்கத்துல உக்காரு. என்ன ஏதுன்னு கேக்காத, திட்டாத, போனைப் புடுங்காத. சும்மா உக்காரு. நான் லைன்லதான் இருக்கேன்' என்றீர்கள். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உங்கள் குரல் அப்படி இருந்தது. போனேன். அவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் போன் இருந்தது. அதிலிருந்து வந்ததும் உங்கள் குரல்தான்.

அண்ணன் பிறகு சொன்னார். சுபிதா உங்களுக்குப் போட்டதும், அவருடைய போனைப் பிடுங்கி அதிலிருந்து என்னைக் கூப்பிட்டீர்களாம். ஒரு காதில் என் மகள், மறு காதில் நான். ஒருத்தியிடம் பேசும்போது மற்றவளை விட்டுவிடாமல், எங்கள் இரண்டு பேரையும் நடத்திக்கொண்டு வந்து ஒரே அறையில் உட்கார வைத்தீர்கள். பெற்ற மகள் போன பிறகு ஒரு மனுஷியால் இது எப்படி முடியும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கோயிலில் மகனை இழந்த வியாகுல மாதா முன்னால் முழங்கால் போடும்போதெல்லாம் உங்கள் முகம்தான் வருகிறது. சாமியாரிடம் சொன்னேன், அது பாவம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கடலுக்கடியில் கேபிள் போட்டு இங்கே நெட் வேகமாக வந்தபோது, இனி நாமும் மெயின்லேண்டு மாதிரிதான் என்று எல்லோரும் எப்படிச் சந்தோஷப்பட்டோம்! அந்த வழியாகத்தான் அந்த அசிங்கமும் என் வீட்டுக்குள் வந்தது. இவ்வளவு தண்ணீரைத் தாண்டி உங்கள் குரலும் அந்த வழியாகத்தான் வந்து என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய கூத்து. இவர் கடலிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சோறுகூடச் சாப்பிடாமல், 'குளச்சல்ல மைனி வீட்டுல கொண்டு விட்டா எல்லாம் சரியாவும். அங்க ஆருக்குத் தெரியப் போவுது?' என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நம் தீவில் அதுதானே வழக்கம். வயிற்றில் கட்டியா, மெயின்லேண்டு. படிப்பு ஏறவில்லையா, மெயின்லேண்டு. பெயர் கெட்டுப்போச்சா, முதல் கப்பலில் மெயின்லேண்டு. இவர் காலையிலேயே போய் வரிசையில் நின்று சென்னை கப்பலுக்கு டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். சுபிதா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தானே பெட்டியை எடுத்து, துணிகளை மடித்து அழகாக அடுக்கினாள். எங்களுக்கு டீகூடப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை தெளிந்துவிட்டாள் என்று நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் விசாரித்தபோது அதைத்தான் பெருமையாகச் சொன்னேன். டிக்கெட் எடுத்தாச்சு அக்கா, அவளே பெட்டி அடுக்கிவிட்டாள், ரொம்ப அமைதியாக இருக்கிறாள் என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

அப்போது நீங்கள் சொன்னதை யாரிடமும் அதற்கு முன் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். 'பிரியங்காவுக்கும் டிக்கெட் எடுத்தோம் சிசிலியா. அவளும் இப்படித்தான் தானே பெட்டி அடுக்குனா. ஒத்துக்கிட்டான்னு நெனச்சோம். நாங்க அவளைக் காப்பாத்த நெனச்சோம். அவளுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? தப்பு பண்ணுனவன் எல்லாம் இங்க இருக்கான், கப்பல் ஏத்துறது என்னைத்தான்னு பட்டிருக்கும். அந்தப் படம் கப்பலுக்கு முன்னாடியே மெயின்லேண்டு வந்து சேந்துரும். அவகிட்ட மிச்சம் இருக்கிறது வீடு ஒண்ணுதான். அதையும் எடுத்துறாதீங்க.'

இதைச் சொல்லும்போது நீங்கள் அழவில்லை. நான்தான் அழுதேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இவர் எழுந்து வெளியே போய் வலைக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஜெபராஜ் என்கிற மனுஷன் யாரிடமும் இறங்கிப் பேசி நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம்கூட இல்லை. அவர், 'அப்பா தப்பு பண்ணிட்டேன் மக்ளே. நீ எங்கயும் போவண்டாம். இது உன் வீடு. நீ என்ன செஞ்ச, நீ எதுக்குப் போவணும்?' என்றார். அப்போதுதான் அவள் அழுதாள். அத்தனை நாளும் வராத அழுகை, பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி வந்தது. பெங்காலி வீட்டு அம்மா ஓடி வந்து 'க்யா ஹுவா, க்யா ஹுவா', என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பிள்ளை அழுகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

பெட்டியை இவரே பிரித்தார். ஒவ்வொரு துணியாக எடுத்துத் தப்புத் தப்பாக மடித்து அலமாரியில் வைத்தார். டிக்கெட்டை மறுநாள் ரத்து செய்தோம்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். போலீஸில் எழுதிக் கொடுத்தோம், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். செய்தவர்கள் அவளோடு படித்த பிள்ளைகள்தான். அதில் ஒருத்தி என்னிடம் யூனிஃபார்ம் தைத்தவள். அவள் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் வருகிறது. சுபிதாவை வாராவாரம் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். நல்ல நாளும் இருக்கிறது, எழுந்திருக்கவே முடியாத நாளும் இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டு அவளோடு இருக்கிறோம். நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரி, சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

பள்ளிக்கூடம் திரும்பப் போன முதல் நாள் இவரும் அவளோடு ஃபெரியில் ஏறினார். உள்ளே போய் ஓரமாக உட்காருவாள் என்று நினைத்தாராம். அவள் அதே ஜன்னல் ஓரத்துக்குப் போய், அதே இடத்தில் உட்கார்ந்தாளாம். சாத்தம் வரும்வரை முகத்தைத் திருப்பவில்லையாம். புயலில் படகு ஓட்டிய மனுஷன், இந்தத் தைரியம் தனக்கு வராது என்று என்னிடம் சொன்னார். நாம் பெற்ற பிள்ளைகளை நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது அக்கா! தூங்கும்போது அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. இவ்வளவு பெரிய அதிசயம் தினமும் என் வீட்டில்தான் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது இந்தக் கடிதம் எழுதிய காரணத்துக்கு வருகிறேன். போன வாரம் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது சுபிதா திடீரென்று கேட்டாள். 'அம்மா, ஆன்ட்டி எங்கிட்ட தினமும் கேக்காங்க, தூங்கினியா, சாப்பிட்டியா, மனசு எப்படி இருக்குன்னு. அவங்ககிட்ட ஆராவது கேக்காங்களா?' கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்கா, என் மகளைக் கப்பல் ஏற்ற வேண்டாம் என்று சொன்னது நீங்கள். உங்களை யார் கப்பல் ஏற்றியது? மின்னி பே பகுதியில் உங்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது ஜனங்கள் உங்கள் வளர்ப்பைப் பற்றிப் பேசினார்களே, அவர்களா? அவர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் வாழ்ந்த நீங்கள்தான் போனீர்கள். உங்கள் மகள் சிரித்ததையும் ஆடியதையும் பார்த்தவர்கள் அருப்புக்கோட்டையில் யார் இருக்கிறார்கள்? அவள் பெயரைச் சொல்லி உங்களோடு உட்கார்ந்து அழ அங்கே யார் இருக்கிறார்கள்? அழாமல் பேசுகிற உங்கள் குரல்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. என் பிள்ளையும் அமைதியாகத்தானே பெட்டி அடுக்கினாள்.

அதனால் நீங்களும் அண்ணனும் வர வேண்டும். எங்கள் வீடு சின்னதுதான், ஆனால் உள் ரூம் காலியாக இருக்கிறது. சுபிதா ஹாலில் படுத்துக்கொள்வேன் என்று பாயை இப்போதே மாற்றிவிட்டாள். வரும்வரை உங்களுக்கு எப்போது தோன்றினாலும் எனக்குப் போடுங்கள். மழையைப் பற்றிப் பேச மாட்டேன். ஒன்றும் கேட்காமல் சும்மா லைனில் இருக்கிறேன்.

ரவிக்கையை உங்கள் பழைய அளவுக்குத்தான் வெட்டினேன். ரொம்ப இளைத்துவிட்டீர்கள் என்று அண்ணன் சொன்னதால் பிடித்துத் தைத்திருக்கிறேன். மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே விட்டிருக்கிறேன். இங்கே வந்து நாலு வாய் நன்றாகச் சாப்பிட்டதும் நானே பிரித்துவிட்டுத் தருவேன்.

மாதா உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும். ஹேடோவில் நாங்கள் மூன்று பேரும் நிற்போம்.

உங்கள் தங்கை,
சிசிலியா