கோட்டில் உட்காராத புள்ளி

7 ஜூலை 1986, திங்கள், புணே

நான்காவது மாதிரி, மறுபடியும் 106. ஆறாவது முறை. பாட்டண்கர் சர் வரைபடத்தைப் பார்க்கக்கூட இல்லை. "சுலேகா, உன் கை சுத்தமில்ல. சாமானையெல்லாம் கழுவிட்டு முதல்லேர்ந்து பண்ணு" என்றார்.

என் கையா? ஒன்பது வருடமாக இந்த ஆய்வகத்தில் சேருகிற எல்லாரும் முதலில் செய்துகாட்டும் பயிற்சி இது. ஒரே பாலிமர் சங்கிலி. அதில் தொங்கும் வாலை மட்டும் ஒவ்வொரு கார்பனாக நீட்ட வேண்டும். வால் நீள நீளச் சங்கிலிகள் நெருங்கி அடைய முடியாது; கண்ணாடி போல் விறைத்திருக்கும் பிளாஸ்டிக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். 105, 65, 35, 20 டிகிரி. இதுதான் சருடைய கோடு. இது வந்தால்தான் முனைவர் பட்டப் பதிவுக்குக் கையெழுத்து. கடைசி நாள் 31.

8 ஜூலை

கழுவினேன். 107. நாசமாய்ப் போக.

10 ஜூலை

எனக்கு முன்னால் இருந்த நான்கு பேரின் ஆய்வேடுகளை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். நான்காவது மாதிரிக்கு 21, 19, 20, 22. அதே அலமாரி, நான்கு கார்பன் வாலுக்கான அதே பியூட்டைல் புட்டி. அவர்களுக்கு மட்டும் எப்படி?

நால்வரில் கடைசி ஆளான மிருணாள் அக்கா பட்டம் வாங்கி இப்போது மாடியில் வேலை பார்க்கிறாள். கேன்டீனில் பிடித்துக் கேட்டேன். தாலிபீட் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் நூத்திச் சில்லறைதான்டி வந்துச்சு. இருபத்திரெண்டுன்னு எழுதிட்டேன். எல்லாரும் அப்படித்தான். நீ என்ன அரிச்சந்திரன் பேத்தியா?"

"பொய் எழுதிட்டு எப்படிக்கா சோறு இறங்குது?" என்று கத்திவிட்டேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

16 ஜூலை

புட்டியில் இருப்பதையே எடுத்துக்கொண்டு போய், நாலு நாள் வரிசையில் காத்திருந்து, மூலக்கூறின் வடிவத்தைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் பார்த்துவிட்டேன். நேரான வாலாக இருந்தால் நான்கு இடத்தில் கோடு எழும்ப வேண்டும். எழும்பியது ஒன்றே ஒன்று, நெட்டையாக. இது வாலே இல்லை! நான்கு கார்பனும் குட்டையாகக் கொத்தாக நிற்கின்றன. அணுக்களின் எண்ணிக்கை அதேதான், எடையும் அதேதான், வடிவம்தான் வேறு. கொத்து சங்கிலியைத் திரும்ப விடாமல் முட்டுக்கொடுக்கிறது, அதனால்தான் நூறு தாண்டியும் விறைப்பு. வெறும் 'பியூட்டைல்' என்று எவனோ லேபிள் ஒட்டியிருக்கிறான். ஒன்பது வருடம்!

என் கை சுத்தம்தான்.

17 ஜூலை

சருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, என் கோடு தப்பே இல்ல! புதுப் புட்டி வரவழைக்கிறேன். இருபது வரும், எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

"நாலு பேர் பொய் எழுதியிருக்காங்க சர்."

"அதுக்கு? நாலு பேர் பட்டத்தையும் கிழிக்கச் சொல்றியா? உன் வேலையைப் பாரு."

ஆறு முறை என் கையைக் குறை சொன்னாரே, அதற்கு ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. இயக்குநருக்கே எழுதப் போகிறேன், பெயர் போட்டு.

18 ஜூலை

கடிதத்துக்குத் தேதிகள் வேண்டுமென்று என் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஜூன் 19. மூன்றாவது மாதிரி. ஒட்டியிருக்கும் வரைபடத்தில் 27. பக்கத்து அட்டவணையில் என் கையெழுத்தில் 35.

எப்படி நடந்தது என்று நினைவில்லை— இல்லை, இதுவும் பொய். நன்றாக நினைவிருக்கிறது. கோட்டில் உட்கார வேண்டுமே என்று எழுதினேன். மதியம் அவல் போஹே சாப்பிடப் போனேன். சோறு இறங்கியது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஐந்தாவது பெயராக என்னுடையதைச் சேர்த்து அனுப்பினேன்.

28 ஜூலை

புதுப் புட்டியில் 20 வந்தது. அறிக்கையைக் கொடுத்தேன். சர் மூன்றாவது வரியில் நின்றார். "முப்பத்தஞ்சை அடிச்சுட்டு இருபத்தேழா? யாரு பாக்கப் போறா இதை?"

"நான் பாத்துட்டேன் சர்."

கையெழுத்துப் போடவில்லை. கடிதம் இயக்குநர் வழியாக அவர் மேசைக்கே வந்திருந்தது.

31 ஜூலை

பதிவு இனி ஜனவரியில்தான். மிருணாள் அக்கா பேசுவதில்லை.

6 ஆகஸ்ட்

மூன்றாவது மாதிரியில் கரைப்பான் மிச்சம் இருந்திருக்கிறது. அதுதான் சீக்கிரம் இளக்கியது. வெற்றிட அடுப்பில் மூன்று நாள் உலர்த்தி இன்று அளந்தேன். 35.

ஜூனிலேயே மூன்று நாள் பொறுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். 27, 35 இரண்டையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.